மதுரையின் மாதிரிக் கருவி

கேள்வி: மதுரையில் நியூத்திரினோ ஆய்வுக்கான மாதிரிக் கருவியை நிலத்தின்மேலேயே அமைத்திருக்கிறார்களாமே, அதில் நியூத்திரினோ அகப்படுமா? எங்கள் தோட்டப் பாடசாலை மாணவர்கள் இத்தகைய எதையேனும் செய்து பார்க்க இயலுமா?
– ஓர் ஆசிரியர், பசறை

பதில்: அகப்படாது, அக்கருவியின் நோக்கமும் அதுவன்று. உங்கள் நமுனுகுல மலையையே தடையின்றி ஊடுருவிச் செல்லவல்ல அத்துகளை ஆராய்வதற்கென, தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, சுமார் 50,000 தொன் இரும்பில் எழுப்பத் திட்டமிட்ட பெருங்கருவிக்கு, 85 தொன் எடையுள்ள மதுரைக் கருவி பூர்வாங்கப் பரீட்சையாகும். 11 இரும்பு அடுக்குகளின் இடையிடையே, 2 மில்லிமீற்றர் இடைவெளியில் வாயு நிரப்பிய இரட்டைக் கண்ணாடித் தகடுகளைச் செருகி, அவற்றுக்கு ஏறத்தாழ 10,000 வோல்ற்று மின்னழுத்தம் ஊட்டி, ஆகாயத்திலிருந்து ஓயாது பொழியும் மியூவோன் என்னும் துகள்களின் பாதை காந்தப்புலத்தில் எப்பக்கம் வளைகிறதென்று பதிவுசெய்வதால், காந்தமும் தகடுகளும் மின்னணுச் சாதனங்களும் ஒருங்கே பிழையற இயங்குகின்றனவா என்பது நிச்சயமாகிறது.

உங்கள் மாணவர்களுக்கும் மியூவோன் எட்டாப் பொருளன்று. கண்ணாடித் தொட்டியொன்றின் அடியில், ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த கம்பளித் துணியைப் பொருத்தி, வாயைக் கறுப்பு உலோகத் தட்டால் இறுக மூடி, உலர்பனிக்கட்டியின்மேல் கவிழ்த்துவைத்து, அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால், சில நிமிடங்களில் தட்டையொட்டி மெல்லிய வெண்கோடுகள் தோன்றி மறையும். அவற்றுள் நீண்டு நேராகச் செல்பவை பெரும்பாலும் மியூவோன்களின் சுவடுகளே. உலர்பனிக்கட்டியைக் கையுறையின்றித் தொடாதிருக்கவும், அறையில் காற்றோட்டமிருக்கவும், அற்ககோலின் அருகில் தீ அணுகாதிருக்கவும் கவனித்துக்கொள்ளுங்கள். பெருங்கருவிகளை அமைக்கும் விஞ்ஞானிகள் உங்கள் வகுப்பறையிலிருந்தும் உதிக்கவேண்டும். ஆகவே இத்தவணையிலேயே தொடங்கிவிடுங்கள்.