உதிரும் இலையும் ஒட்டுத்துணியும்

இலையுதிர்காலம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் காணும் குளிர்நாட்டுப் படங்களே. வட அமெரிக்காவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மேப்பிள் மரங்கள் செக்கச் சிவந்து நிற்கும். மக்கள் குடும்பத்தோடு வண்டியேறி அவ்வழகைக் காணச் செல்வர். வழியிலுள்ள ஊர்களில் ஒட்டுத்துணிப் போர்வைக் கடைகளையும் பார்த்து வருவர். "நம் ஊரில் இப்படி ஒன்றுமில்லையே" என்று ஏங்கும் மாணவியர் நம்மில் உண்டு. கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், சிதம்பரம் என ஒரே நாளில் சென்றுவரக்கூடிய நம் பக்கத்துச் சாலையிலேயே இவ்விரண்டையும் பற்றிக் கற்க நிறைய இருக்கிறது. அவற்றை இங்குக் காண்போம்.

இலை சிவப்பது ஏன்?

இலைக்குப் பசுமை தருவது பச்சையம். இலை மூப்படையும்போது மரம் பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்துகளைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. அப்போது அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. சில மரங்களில் சிவப்பு நிறப்பொருள் புதிதாகவும் உண்டாகிறது. பின்னர் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு தோன்றி இலையைப் பிரித்துவிடுகிறது. குளிர்நாட்டில் இதற்குக் குறுகும் பகலும் குளிரும் காரணம். நம் நாட்டில் பெரும்பாலும் வறட்சியே காரணம். ஆகவேதான் ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் மரங்கள் தழைத்து நிற்கின்றன. பல மரங்கள் தை, மாசியில்தான் இலை உதிர்க்கின்றன. வீட்டு முற்றத்து நாட்டுவாதுமையின் சிவந்த இலையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

தில்லை மரம்

சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இன்றும் பிச்சாவரத்தில் வளர்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இக்கழிமுகக் காட்டில் சுரபுன்னை, வெண்கண்டல் ஆகியவற்றோடு தில்லையும் நிற்கும். உதிருமுன் அதன் இலைகள் செந்நிறம் கொள்ளும். கண்ணுக்கு இனியதாயினும் கையால் ஒடிக்கலாகாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், தோலில் பட்டால் கொப்புளம் எழும்.

இங்கு உதிரும் இலை வீணாவதில்லை. சேற்றில் விழுந்து மட்கும் இலை நண்டுக்கும் சிற்றுயிர்களுக்கும் உணவாகிறது. அவற்றை உண்டு இறாலும் மீனும் வளர்கின்றன. மீனவர் வலையில் வரும் செல்வத்தின் தொடக்கம் ஓர் உதிர்ந்த இலையே.

முன்னாளில் இக்காட்டின் பகுதிகள் கூட்டங்கூட்டமாக வெட்டப்பட்டன. நிழலிழந்த சேறு காய்ந்து பள்ளமாயிற்று, கடல்நீர் தேங்கி உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, ஓத நீர் வந்துபோகக் கால்வாய்கள் வெட்டி மரங்களை நட்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

பரங்கிப்பேட்டையும் துணியும்

ஐரோப்பியரைப் 'பரங்கியர்' என்றழைத்ததால் ஏற்பட்ட பெயர் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர் இதனைப் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதுத்துறை என்றனர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இத்துறைக்கு வந்ததற்கு முதற்காரணம் பருத்தித் துணி. இவ்வூர் முஸ்லிம் வணிகர்கள் மலாய் நாடுகளுக்கும் துணி ஏற்றிச் சென்றனர்.

சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகளை ஐரோப்பியர் வியந்ததற்குக் காரணம், அவை வெளுக்க வெளுக்கச் சாயம் போகாமையே. துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் நனைப்பர். படிகார நீரால் பூ வரைந்து, சாயவேர் இட்டுக் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஊன்றி நிற்கும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரியில் தோய்ப்பர். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. நம் முன்னோர் நூலின்றிக் கற்ற வேதியியல் இது!

இத்துணிகளுக்கு அஞ்சிப் பிரான்சு 1686 முதல் 1759 வரை தடை விதித்தது. இங்கிலாந்தும் 1700-இலும் 1721-இலும் தடைச்சட்டங்கள் இயற்றியது. ஆயினும் அவை படுக்கை விரிப்பாகவும் பஞ்சு வைத்துத் தைத்த போர்வையாகவும் மேலைநாட்டு இல்லங்களில் இடம்பெற்றன. துண்டும் அரிதாயிருந்ததால் அங்குள்ள பெண்கள் பூக்களைத் தனித்தனியே கத்தரித்து, வெண்துணியில் ஒட்டித் தைத்தனர். இன்று அமெரிக்கச் சாலையோரக் கடைகளில் புகழ்பெற்று விளங்கும் ஒட்டுப்போர்வையின் வரலாற்றில் நம் கரையின் துணிக்கும் பங்குண்டு. அதை வரைந்தவர் பெயரும் நெய்தவர் பெயரும் எதிலும் பொறிக்கப்படவில்லை.

நாம் கொள்ளும் பாடம்

பாட்டியர் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்பில் நம்மில் பலர் உறங்கியிருக்கிறோம். கிழிந்ததை எறியாமல் ஒருவருக்குக் கதகதப்பாக்கிய கைகள் அவை. உதிர்ந்த இலையையும் உணவாக்கும் கழியின் நியதியும் அதுவே. அப்பங்கள் பலுகியபின் மீந்த துணுக்குகளையும் வீணாகாமல் சேர்த்து வைக்கச் சொன்னார் நம் ஆண்டவர். மலிவென்று வாங்கி நான்கு முறை உடுத்தி எறியும் இந்நாளில், தையல் வகுப்பின் துண்டுத்துணிகளைச் சேர்த்து, வகுப்புக்கொரு போர்வை தைத்து, முதியோர் இல்லத்திற்கு அளிப்போமா? பிச்சாவரம் செல்லும்போது ஒரு நெகிழித்தாளையும் நீரில் இடாமல் திரும்புவோமா? படைத்தவர் எதையும் வீணாகப் படைக்கவில்லை. அவர் பிள்ளைகளாகிய நாமும் எதையும் வீணாக்காதிருப்போம்.