சேலம் போகிற பாட்டில்

கேள்வி: சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். ஆய்வுக்கூடம் கிடையாது. சோதனைகளைக் கரும்பலகையில் படம் போட்டுத்தான் காட்டுகிறேன். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். மனசு உறுத்துகிறது. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: அன்புள்ள டீச்சர், 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்திலும் இதே நிலைமைதான். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூறு உயிரியல் ஆய்வை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்த அனில் சத்கோபால், நண்பர்களோடு சேர்ந்து அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் வகுப்பையே மாற்றினார். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்து, கண்டதை நோட்டில் எழுதினார்கள். பரீட்சைக்குப் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டுபோகலாம்! எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பரீட்சைதான். மனப்பாடத்துக்கு மதிப்பெண் விழும்வரை, சோதனைக் குழாய்களை வாங்கி அடுக்கினாலும் பயனில்லை. 1978-ல் அங்கே வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வ் டியூப்பை நறுக்கித் தீக்குச்சிகளைக் கோத்தார். முக்கோணம் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். அழுத்திய விரலே சொல்லிவிடும். ஹோஷங்காபாத் திட்டத்தை 2002-ல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அவர்களுக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது: 1,500 மீட்டர் உயரம். காலி தண்ணீர் பாட்டிலை இறுக மூடி, சேலம் போகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் அது ஒடுங்கிவிடும். கீழே காற்றழுத்தம் அதிகம். கீழிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட் உங்கள் ஊர்க் கடையில் உப்பித் தொங்குவதும் இதனால்தான். பிறகு, 110 டிகிரி வரை காட்டும் ஆய்வக வெப்பமானி ஒன்றைக் கொதிக்கும் நீரில் நீங்களே பிடியுங்கள் (காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், உடைந்துவிடும்). ஏறத்தாழ 95 டிகிரியிலேயே நீர் கொதிக்கும். “புத்தகத்துல நூறுன்னு போட்டிருக்கே டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்கும். உடனே விடை சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் அவர்களே பேசட்டும்.

கோடை மழை விழுந்து பத்து நாளில் காப்பி பூக்கும் அல்லவா? மழைத் தேதி, பூத்த தேதி இரண்டையும் தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அதைத் தமிழிலேயே ஆய்வாக அனுப்பலாம். 10 முதல் 17 வயது வரை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சேலம் நண்பர்கள் வழி சொல்வார்கள். அந்த இயக்கம் 1987-ல் தொடங்கிய ‘துளிர்’ இதழையும் கேட்டு வாங்கி, பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.