பரிசுத்தமும் படிக்கல்லும்



இந்தப் பாடத்தை வாசிக்குமுன் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுவதும் வாசித்துவிடுங்கள். வேதாகமத்தைத் திறந்து பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். லேவியராகமம் என்றாலே, "அதெல்லாம் ஆட்டுப்பலி, மாட்டுப்பலி, குஷ்டரோகம்... நமக்கு எதுக்குங்க?" என்று தாண்டிப்போகிற விசுவாசிகள் அநேகர். ஆனால் பேதுரு அப்போஸ்தலன் பரிசுத்தத்தைக் குறித்து எழுதினபோது இந்தப் புஸ்தகத்திலிருந்துதான் வசனத்தை எடுத்தார் (1 பேதுரு 1:15,16). நம்மை அழைத்தவர் பரிசுத்தர். ஆகையால் நாமும் அப்படியே இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அல்ல, நடத்தை முழுவதிலும்.

பரிசுத்தம் என்பதற்கு எபிரெய மொழியில் வருகிற வார்த்தைக்குப் பிரித்து வைக்கப்பட்டது என்று அர்த்தம். தேவனுக்கென்று ஒதுக்கி வைத்தது. சரி, அப்படிப் பிரித்து வைக்கப்பட்ட ஜனம் எப்படி இருக்கும்? 2-ஆம் வசனத்தில் பரிசுத்தமாயிருக்கும்படி கட்டளை வருகிறது. அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். தாய் தகப்பனுக்குப் பயப்படுதல் (3). வயலை ஓரம்வரை வழித்து அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைத்தல் (9,10). திருட்டும் பொய்யும் இல்லாமை (11). கூலியாளின் கூலியை மறுநாள்வரை வைத்துக்கொள்ளாமை (13). கோள் சொல்லாமை (16). முதியோருக்கு முன் எழுந்து நிற்றல் (32). முடிவில் தராசும் படிக்கல்லும் மரக்காலும் (35,36)! நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அந்தத் தராசைச் சுமுத்திரையானது என்று சொல்லுகிறது. சரியான, கள்ளமில்லாத அளவு என்று பொருள்.

14-ஆம் வசனத்தை மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். செவிடனைத் திட்டக் கூடாது, குருடனுடைய வழியில் இடறலை வைக்கக் கூடாது என்கிறது. ஏன் இந்த இரண்டு பேர்? செவிடனைத் திட்டினால் அவனுக்குக் கேட்காது. குருடனுக்கு முன்னால் கல்லை வைத்தால் யார் வைத்தது என்று அவனுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது என்கிற இடத்தில் நான் எப்படி இருக்கிறேன்? தேவனுக்குப் பயப்படுகிறேனா என்பது அங்கேதான் வெளியே வருகிறது. வாலிபத் தம்பிமாரே, தங்கைமாரே, வீட்டில் எல்லாரும் தூங்கினபிறகு கையிலிருக்கிற செல்போனும் இந்த வசனத்துக்குள் வந்துவிடும்.

நம் பெந்தெகொஸ்தே சபைகளில் பரிசுத்தம் என்றவுடனே வெள்ளை உடை, நகை போடாமை, சினிமாவுக்குப் போகாமை என்று சொல்லுவோம். இவற்றை நான் அற்பமாய் எண்ணவில்லை. ஆண்டவர்மேலுள்ள அன்பினால் ஒரு தாயார் கழற்றி வைத்த வளையலை ஆண்டவர் அறிவார். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். காதிலிருந்த கம்மல் போய்விட்டது. மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டில் மூன்று மாதமாய் இருக்கிற நம்முடைய பாக்கி எப்பொழுது போகும்? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள் தயங்கித் தயங்கி, "அக்கா, இந்த மாசச் சம்பளம்..." என்கிறாள். "இன்னிக்கு உபவாச ஜெபம் இருக்கு, நாளைக்குப் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டு நாம் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம். அன்றைக்கு ராத்திரி அவள் வீட்டு அடுப்பு எரிந்ததா? பிடித்து வைக்கப்பட்ட கூலி சத்தமிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய செவியில் விழுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார் (5:4). நாம் சபையில் அந்நியபாஷையில் ஜெபிக்கிற அதே நேரத்தில் நம் வீட்டு மேஜை டிராயருக்குள் இருக்கிற அந்தக் கூலியும் ஜெபிக்கிறது! எந்த ஜெபத்துக்கு முதலில் பதில் வரும்?

மின்சார மீட்டரில் கை வைப்பதும், பத்திரப் பதிவில் நிலத்தின் விலையைக் குறைத்துக் காட்டுவதும், "எல்லாரும் செய்றதுதானே பாஸ்டர்" என்று சாதாரணமாகிவிட்டது. எல்லாரும் செய்கிறதிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டதற்குப் பெயர்தானே பரிசுத்தம்? ஊழியக்காரருக்கும் இது பொருந்தும். விசுவாசியிடம் கைமாற்று வாங்கிவிட்டு, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்" என்று கடனை முடித்துவிடக் கூடாது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தில் ஒருவரும் குறை சொல்ல இடமில்லாதபடி பவுல் எவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தார் என்று 2 கொரிந்தியர் 8:20,21-ல் வாசிக்கிறோம். தேவனுக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காயிருக்கப் பார்த்தார்.

சகரியா தீர்க்கதரிசி ஒரு அதிசயமான காரியத்தைக் கண்டார். பிரதான ஆசாரியனுடைய நெற்றியில் கட்டின பொற்தகட்டில், கர்த்தருக்கென்று பரிசுத்தமாக்கப்பட்டது என்று பொருள்படும் எழுத்து வெட்டப்பட்டிருந்தது (யாத்திராகமம் 28:36). அதே எழுத்து ஒருநாள் குதிரைகளின் மணிகளில் இருக்கும், எருசலேமிலும் யூதாவிலும் உள்ள சட்டிபானைகளெல்லாம் பரிசுத்தமாயிருக்கும் என்றார் (சகரியா 14:20,21). ஆசாரியன் நெற்றியில் இருந்தது குதிரையின் கழுத்துக்கும் சமையலறைக்கும் வந்துவிட்டது. ஆட்டோ ஓட்டுகிற சகோதரரே, உங்கள் மீட்டரில் அந்த எழுத்து இருக்கிறதா?

ஏன் இப்படி வாழவேண்டும்? பரலோகத்தைச் சம்பாதிக்கவா? இல்லை. நாம் வெள்ளியாலும் பொன்னாலும் மீட்கப்படவில்லை, கிறிஸ்துவின் இரத்தத்தினால் மீட்கப்பட்டோம் (1 பேதுரு 1:18,19). விலை கொடுத்தாயிற்று. வாங்கினவருக்கு உரியவர்களாய் வாழ்கிறோம், அவ்வளவுதான். அதற்காக, பரிசுத்தம் இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்று நினைக்கவேண்டாம். அது இல்லாமல் ஒருவனும் கர்த்தரைக் காணமுடியாது என்று எபிரெயர் 12:14 கண்டிப்பாய்ச் சொல்லுகிறது.

எழுப்புதலுக்காக உபவாசம் இருக்கிறோம், முழு இரவு ஜெபிக்கிறோம். நல்லது. எழுப்புதல் வந்தபோது என்ன நடந்தது என்று பார்ப்போமா? 1904-ல் வேல்ஸ் தேசத்தில் எழுப்புதல் உண்டானபோது, சுரங்கத் தொழிலாளர் கெட்ட வார்த்தை பேசுவதை விட்டுவிட்டதால் அவர்களுடைய குதிரைகளுக்குக் கட்டளை புரியாமல் போனது என்று சொல்லுவார்கள். கேட்டிருப்பீர்கள்.

அதிகம் பேசப்படாதது கொரியாவில் நடந்தது. 1907-ஆம் வருஷம் ஜனவரி மாதம், பியாங்யாங் பட்டணத்தின் பெரிய ஆலயத்தில் குளிர்கால வேதபாடக் கூட்டங்கள் நடந்தன. அங்கே கில் சன்ஜூ என்ற மூப்பர் இருந்தார். எல்லாராலும் மதிக்கப்பட்டவர், நல்ல பிரசங்கி. அவர் எழுந்து, "நான் ஒரு ஆகான்" என்ற கருத்தில் அறிக்கை செய்தார் (ஆகான் யார் என்று யோசுவா 7-ல் பாருங்கள்). அவருடைய நண்பர் ஒருவர் மரிக்கும் தறுவாயில் தன் சொத்து விவகாரங்களை அவரிடம் ஒப்புவித்திருந்தார். அந்தப் பணத்தில் ஒரு தொகையை அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அதை அந்த விதவைக்குத் திருப்பிக் கொடுப்பதாகச் சபைக்கு முன்பாகச் சொன்னார். தொடர்ந்து வந்த நாட்களில் ஜனங்கள் கதறி அழுது பாவங்களை அறிக்கையிட்டார்கள்.

அழுகையோடு நின்றிருந்தால் நான் இதை எழுதமாட்டேன். அழுதவர்கள் பட்டணத்துக்குள் வீடு வீடாய்ப் போனார்கள். திருடின பொருளையும் பணத்தையும் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்ல, ஆண்டவரை அறியாதவர்களுக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு சீன வியாபாரியிடம் ஒரு விசுவாசி வந்து, பல வருஷங்களுக்கு முன் அநியாயமாய்ப் பெற்ற பெரிய தொகையைக் கொடுத்தபோது அந்த வியாபாரி பிரமித்துப்போனார். அவருக்கு ஒருவரும் பிரசங்கம் பண்ணவில்லை! மூப்பர் கில் அதே 1907-ல், கொரியாவின் முதல் ஏழு பிரஸ்பிட்டேரியன் போதகர்களில் ஒருவராய் நியமிக்கப்பட்டார்.

இனி, எப்படி ஆரம்பிப்பது? சுயபலத்தினால் முடியாது. சரீரத்தின் செய்கைகளை ஆவியினாலேதான் சாகடிக்க முடியும் (ரோமர் 8:13). ஆகவே முதலாவது சங்கீதம் 139:23,24-ல் தாவீது வேண்டிக்கொண்டபடி ஆவியானவர் நம்மைச் சோதித்துப் பார்க்க இடம்கொடுங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். ஞாபகத்துக்கு வருகிறதை எழுதுங்கள். "இது ரொம்ப சின்ன விஷயம்" என்று தோன்றுகிறதையும் எழுதுங்கள். சில பாவங்களோடு எதிர்த்து நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது, யோசேப்பைப்போல வஸ்திரம் போனாலும் ஓடிவிடவேண்டும் (ஆதியாகமம் 39:12).

இதில் ஒரு எச்சரிப்பு. மற்றொருவருடைய பெயரும் குடும்பமும் கெடுகிற விதத்தில் எதையும் மைக்கில் அறிக்கையிடாதீர்கள். விபசாரப் பாவம் போன்றவற்றை தேவனிடத்திலும், தக்க ஆலோசனையோடு, பாதிக்கப்பட்டவரிடத்திலும் சொல்லுங்கள். ஆனால் பணம், பொருள், அவதூறு ஆகியவை நேரே போய்ச் சரிசெய்யவேண்டியவை. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி நம் ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 5:23,24).

எவ்வளவு கொடுக்கவேண்டும்? தானாக உணர்ந்து அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (எண்ணாகமம் 5:7). 100 ரூபாய்க்கு 120. ஆட்டைத் திருடி விற்றவனுக்கோ நாலத்தனை தண்டனை (யாத்திராகமம் 22:1). சகேயு தானாகத்தான் அறிக்கையிட்டான். ஐந்தில் ஒரு பங்கு போதும். அவனோ திருடனுக்குரிய நாலத்தனையைத் தன்மேல் எடுத்துக்கொண்டான் (லூக்கா 19:8)! இயேசு அவன் வீட்டுக்கு வந்த சந்தோஷம் கணக்குப் பார்க்க விடவில்லை. நம்மிடம் மொத்தமாகக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், ஒளிந்து திரியாமல் நேரே போய், "ஐயா, மாசம் இவ்வளவு தந்து முடிச்சிடுறேன்" என்று சொல்லித் தேதி குறியுங்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

அந்த ஆள் மரித்திருந்தால்? பிள்ளைகளையோ உறவினரையோ தேடிக் கொடுங்கள். ஒருவருமே இல்லையென்றால் அந்தத் தொகை கர்த்தருக்கு உரியது என்று எண்ணாகமம் 5:8 சொல்லுகிறது. அதைக் கொண்டுவந்து போடும்போது காணிக்கைக் கவரில் உங்கள் பெயரை எழுதவேண்டாம். அது உங்கள் பணம் அல்ல.