தேய்ந்த பல்லும் புளித்த வயிறும்

எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இறப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்குள் மரத்தடிக்குப் போயாக வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். வெறும் வயிற்றில் ஒரு பிளேன்டீ, ஒரு வாய் வெற்றிலை, நேரம் கிடைத்தபோது சாப்பாடு. நெஞ்செரிச்சல், புளியேப்பம் எல்லாமே லயத்துப் பேச்சில் ‘கேஸ்’தான். பல் கூச்சம் தனிக்கணக்கு. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்கவிடாத சில நம்பிக்கைகள் உண்டு.

நம்பிக்கை: வெற்றிலையாலும் புளியாலும்தான் பல் தேயும்.

உண்மை: பாக்கை ஓயாமல் மென்றால் கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பு தேயும், வாய்ப்புற்றுநோய் ஆபத்தும் உண்டு. தேசிக்காய்ச் சாறும் அம்பரலங்காய் அச்சாறும் அடிக்கடி பட்டால் எனாமல் கரையும். வயிற்று அமிலம் விட்டுச்செல்லும் தடமோ வேறு. மேல்வரிசை முன்பற்களின் உட்புறத்தில்தான் பெரும்பாலும் முதலில் தெரியும். அந்த இடம் வழவழத்து, உள்ளேயிருக்கும் மஞ்சள் நிறம் எட்டிப்பார்க்கும். பல்லின் விளிம்பு மெலிந்து வெளிச்சம் ஊடுருவும். முன்பு அடைத்த பில்லிங் இருந்தால், சுற்றியுள்ள பல் கரைந்துபோய் பில்லிங் மட்டும் மேடாக நிற்கும்.

பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். வயிற்று அமிலத்தின் அளவு 1க்கும் 2க்கும் இடையில். பாலை உறைய வைக்கும் அசிட்டைக் கையில் படாமல் ஊற்றுகிற இறப்பர் தொழிலாளிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

நம்பிக்கை: நெஞ்சு எரியாதவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

உண்மை: இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சறைக்குள் ஏறிவிடும் கோளாறுக்குப் பல் அரிப்பே முதல் அறிகுறியாக வரலாம் என்று ஹவ்டன் என்பவர் 1971இலேயே பிரித்தானியப் பல் மருத்துவ இதழில் எழுதினார். 18 நாடுகளைச் சேர்ந்த 44 நிபுணர்கள் வகுத்து 2006இல் வெளியான ‘மொன்றியல் வரையறை’, அமிலம் மேலேறும் நோயோடு தொடர்புள்ளவற்றில் பல் அரிப்பையும் சேர்த்தது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் குறைவதால், இரவில் மேலேறும் அமிலம் ஆள் அறியாமலே பல்லில் தங்கிவிடும்.

நம்பிக்கை: வாயில் புளித்த தண்ணி வந்தால் உடனே பல் விளக்க வேண்டும்.

உண்மை: அமிலம் பட்ட எனாமல் சற்று நேரம் இளகியிருக்கும். அப்போது பிரஷ் போட்டால் தேய்மானம் கூடும். கரித்தூள் இன்னும் மோசம். தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்து, ஃபுளோரைட் பற்பசையும் மெதுவான பிரஷும் கொண்டு விளக்கலாம்.

நம்பிக்கை: மாத்திரை போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

உண்மை: ஒமிப்ரசோல் அமிலச் சுரப்பைக் குறைக்கும், கரைந்த எனாமலை வளர்க்காது, எனாமலில் உயிரணுக்களே இல்லை. பல் வைத்தியர் தேய்ந்த இடத்தை மூடிக் கொடுக்கலாம். அமிலம் ஏறுவது நிற்காவிட்டால் அதைச் சுற்றியும் பல் கரையும். பல் வலிக்கென்று தாமாக வாங்கிப் போடும் டைக்ளோபினாக், வயிற்றைப் புண்ணாக்கிச் சிக்கலைக் கூட்டும்.

இராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுவதும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதும் பலருக்கு உதவும். இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பல்லைக் காட்டப் போகிறவர் புளியேப்பத்தையும், ‘கேஸ்’ என்று போகிறவர் பல் கூச்சத்தையும் சேர்த்துச் சொன்னால், வைத்தியர் காரணத்தைத் தேடத் தொடங்குவது அங்கிருந்துதான்.