காணாமற்போன 2 மில்லிமீட்டர்



விழுப்புரம் மாவட்டத்தின் 9 வட்டங்களையும் தனித்தனி மரத்துண்டுகளாக வெட்டி, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குப் புதிர்ப்படம் ஒன்று செய்து கொடுக்க எங்கள் கல்லூரி மாணவர்கள் விரும்பினர். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டதால் பழைய படம் உதவாது. புதிய படத்தைக் கணிப்பொறியில் வரைந்து, திண்டிவனத்தில் ஒரு கடையில் 3 மி.மீ. ஒட்டுப்பலகையில் லேசரால் வெட்டி வாங்கினோம். துண்டுகளைச் சட்டத்தினுள் அடுக்கிப் பலகையை நிமிர்த்தினோம். மரக்காணம் கீழே விழுந்தது. வானூரும் தொடர்ந்து விழுந்தது!

தவறு கருவியினுடையது அன்று, எங்களுடையது.

கோட்டுக்கும் அகலம் உண்டு

வரைபடப் புதிர் பழைய விளையாட்டு. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியே வாளால் அறுத்து விற்றார். வாள் செல்லும் வழியிலுள்ள மரம் தூளாக உதிரும். லேசரோ அதைப் புகையாக்கிவிடும். எப்படியானாலும் அவ்வளவு மரம் நமக்கு நஷ்டமே.

மரம் வெட்டப் பெரிதும் பயன்படுவது கரியமில வாயு லேசர். இதை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி.கே.என். பட்டேல். இதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். பச்சை ஒளியைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு!

எவ்வளவு நல்ல லென்சும் ஒளியை ஒரு புள்ளியாகக் குவிக்க முடியாது. அலைநீளம் கூடினால் குவியும் பொட்டும் பெரிதாகும். 5 மி.மீ. கற்றையை 50 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்சால் குவித்தால், பொட்டின் விட்டம் சுமார் 0.13 மி.மீ. வெப்பம் பக்கங்களையும் எரிப்பதால் வெட்டுத்தடம் இன்னும் சற்று அகலமாகும்.

அளப்பது எப்படி?

தடம் மிகக் குறுகியது. அளவுகோலால் நேரே அளக்க இயலாது. எனவே, 20 மி.மீ. இடைவெளியில் 11 இணைகோடுகள் வரைந்து வெட்டினோம். கிடைத்த 10 துண்டுகளையும் நெருக்கி வைத்து அளந்தோம். 200 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 198 மி.மீ. தான் இருந்தது! 10 துண்டுகளில் இழப்பு 2 மி.மீ. ஆகவே தடத்தின் அகலம் 0.2 மி.மீ.

தச்சர் காட்டும் வழி

அனுபவமுள்ள தச்சர் கோட்டின்மேல் அறுக்கமாட்டார். கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில்தான் அறுப்பார். நாங்களும் அவ்வாறே ஒவ்வொரு துண்டின் எல்லைக்கோட்டையும் தடத்தில் பாதியளவு, அதாவது 0.1 மி.மீ., வெளிப்புறம் நகர்த்தினோம். சட்டத்தின் துளைக்கு நேர்மாறு: கோட்டை உட்புறம் நகர்த்தவேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே முன்பு ஒரே கோடு. இப்போது இரண்டு கோடுகள், அவையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்! ஆகவே துண்டுகளைப் பலகையில் விலக்கி விலக்கி வைத்து வெட்டினோம். பலகை கூடுதலாகச் செலவாயிற்று. ஆனால், இப்போது படத்தைச் செங்குத்தாகப் பிடித்தாலும் மரக்காணம் அசைவதில்லை.

உங்களுக்கு ஒரு கணக்கு: 10 துண்டுகளின் மொத்த நீளம் 197.5 மி.மீ. என்றால், கோட்டை எவ்வளவு நகர்த்தவேண்டும்?

(விடை: 0.125 மி.மீ.)