கோடை ஆகாரமும் சில தப்பெண்ணங்களும்

மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் பிறந்து 28-ஆம் தேதி வாக்கில் கழியும் வரையில், வேலூர், திருத்தணி போன்ற ஊர்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களிலும்கூட, மூன்று வேளையும் அடுப்பு மூட்டிச் சுடச்சுடப் பரிமாறினால்தான் குடும்பத்துக்குச் செய்யும் கடமை பூர்த்தியாகும் என்ற அபிப்பிராயம் நம் வீடுகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. உண்பவரின் சரீர உஷ்ணத்தைத் தணிக்க எத்தனையோ யோசனைகள் சொல்லுகிறோம். அடுப்பின் முன்னே நிற்பவள் படும் உஷ்ணத்தை நினைப்பவர் வெகு சிலரே. அந்த அபிப்பிராயத்துக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் தப்பெண்ணங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பது அவசியம் என்று தோன்றுகிறது.

பழையது சத்தில்லாத சக்கை, வேறு கதியற்றவர் உண்பது என்பது முதலாவது. இரவு மீந்த சோற்றில் நீர் ஊற்றி மூடிவைத்தால், இயல்பாகவே அதில் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றுகின்றன. தோசை மாவிலும் தயிரிலும் நாம் விரும்பி வரவேற்கும் அதே மாறுதல்தான் இங்கும் நிகழ்கிறது. ஆனால், பழையதை இகழ்ந்த காலம் போய், அதை அமிர்தமாக்கிப் புகழும் காலம் வந்த பின், இராப்பொழுது ஒன்றில் சோற்றின் இரும்புச் சத்து இருபது மடங்கு பெருகிவிடுகிறது என்று சொல்லுவோரும் கிளம்பியிருக்கிறார்கள். இதையும் ஒப்புவதற்கில்லை. இரும்பு ஒரு தனிமம். எந்தக் கிருமியும் அதைச் சிருஷ்டிக்க இயலாது. புளிக்கும்போது பைட்டிக் அமிலம் குறைவதால், ஏற்கெனவே உள்ள சொற்ப இரும்பைச் சரீரம் சற்று எளிதாக ஏற்கலாம், அவ்வளவே. இரும்பு வேண்டுவோர் கம்மங்கூழை நாடட்டும்: 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு உண்டு, தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

மீந்த சோறு எப்படிக் கிடந்தாலும் மறுபடி சுட வைத்தால் தோஷம் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை இவற்றினும் அபாயகரமானது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துக்கள் சோறு கொதிக்கும்போதும் மடிவதில்லை. வெறும் சோறாகக் கோடைப் புழுக்கத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் விஷத்தைச் சுரக்கின்றன. அந்த விஷம் கொதிநீருக்கும் அழிவதில்லை. ஆகையால் சோறு சூடு தணிந்ததும் சுத்தமான நீர் ஊற்றி, ஒரு கரண்டி புளித்த மோர் விட்டு மூடி, விடிந்ததும் உண்டு தீர்த்துவிட வேண்டும். வழவழத்தாலும் வாடை மாறினாலும் தயங்காமல் கொட்டிவிடுக. கைக்குழந்தைகளுக்கும் நோயுற்றவர்களுக்கும் பழையது வேண்டாம்.

ஐஸ் நீர்தான் உஷ்ணத்தைத் தணிக்கும் என்பாரும் உளர். கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் ஐஸ் நீர் வயிற்றில் சென்று சரீர வெப்பத்தை அடையும்போது ஏறக்குறைய 37 கிலோ கலோரி வெப்பத்தை ஏற்கிறது; அதே ஒரு லிட்டர் வியர்வையாகித் தோலின்மீது முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரியைக் கொண்டுபோகிறது. எனவே நீரின் குளிர்ச்சியைவிட நீரும், வியர்வையோடு கழியும் உப்பை ஈடுசெய்வதுமே பிரதானம். உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் செய்யும் உபகாரம் இதுவே. மண்பானையும் இந்த நியாயப்படியே, தன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாவதால் குளிர்கிறது. புழுக்கம் மிகுந்த கடலோர ஊர்களில் அது அவ்வளவாகக் குளிராமைக்கும் காரணம் இதுதான்.

மாம்பழம் உஷ்ணம், அதனால் கட்டி வரும் என்பார்கள். கட்டி, மயிர்க்கால்களில் புகும் கிருமியால் வருவது. பழமும் புழுக்கமும் ஒரே பருவத்தில் வருவதால் பழி பழத்தின்மேல் விழுகிறது. காம்பிலுள்ள பால் மட்டும் சிலருக்குத் தோலை அரிக்கும். நீரில் ஊறவைத்துக் கழுவித் தின்றால் போதும்.

இனி, அடுப்பில்லாமல் முழு ஆகாரம் அமையுமா என்ற சந்தேகம். ஸ்ரீராமநவமி அன்று நாம் நிவேதிக்கும் வடைப்பருப்பே இதற்கு விடை: ஊறிய பாசிப்பருப்போடு வெள்ளரியும் மாங்காயும் தேங்காயும் கலந்தால் பொரியல் ஒன்று தேவைப்படுவதில்லை. அதனுடன் நனைத்த அவலைத் தயிரில் பிசைந்தால் இரவு ஆகாரம் முடிந்தது. வெயில் ஏறுமுன் வடித்த சோற்றில் காய்ச்சிய பாலை மிகுதியாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைந்துவைத்தால் மத்தியானம் வரையில் புளிக்காது. மாவடுவும் சின்ன வெங்காயமும் துணையிருக்கும். காலைக்கு முந்திய இரவே காய்ச்சிய கூழ் இருக்கிறது.

இவ்வளவும் நம் பாட்டிமார் அறிந்தவையே. இந்தக் கோடையிலேனும், காலை ஒன்பது மணிக்குமேல் உங்கள் வீட்டு அடுப்பை அணைத்துவைத்து, அதன் முன்னே நின்றவளையும் கூடத்துக்கு அழைத்து உடன் உட்காரச் செய்யுங்கள்.