கடலோரத்தில் பிறந்தால் கடற்படையா?

கேள்வி: பிளஸ் டூ கணிதப் பிரிவில் படிக்கிறேன். அப்பா, அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. முப்படைகளில் பெண்ணான எனக்கு எது சரி? கடற்படைதான் என்கிறார்கள் ஊரில்.
– ஒரு வாசகி, மரக்காணம்

பதில்: கடலோரத்தில் பிறந்தால் கடற்படை என்று சட்டமா என்ன? முதலில் அக்னிவீரா, அதிகாரியா என்று முடிவு செய்யுங்கள். அக்னிவீர் நான்கு வருடப் பணி. அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் அதற்குப் பிறகும் வேலை. அதிலும் தரைப்படை பெண்களை ராணுவப் போலீஸ் பிரிவுக்குத்தான் எடுக்கிறது.

இயற்பியலும் கணிதமும் கையில் இருப்பதால் என் ஓட்டு தேசிய பாதுகாப்பு அகாடமியின் (என்.டி.ஏ.) தேர்வுக்கே. முப்படைக்கும் அது வழி. பெண்களின் முதல் அணி, 17 பேர், 2025 மே மாதம் பயிற்சி முடித்தது. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது; பயிற்சியும் சாப்பாடும் அரசு செலவு. வினாத்தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டுமே என்பதுதான் நமக்கு இடைஞ்சல். தவறினால் பட்டம் முடித்து சி.டி.எஸ். எனும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதலாம், பயிற்சி சென்னைப் பரங்கிமலையிலேயே.

கடல்தான் ஆசையா? பக்கத்துப் புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, சக அதிகாரி தில்னாவுடன் தாரிணி பாய்மரப் படகில் உலகையே சுற்றி வந்தார். 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பினார்கள். இத்தனைக்கும் ரூபாவின் வேலை ஆயுதப் பரிசோதனை!

எந்தப் படையானாலும் கண் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். ஓட்டப் பயிற்சி பள்ளி மைதானத்தில் போதும்; கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கம் வேண்டாம், பஸ்காரர்கள் பொல்லாதவர்கள்.